அப்பா கொண்டு வந்த வினைச்சொல்



இந்த மாதச் சுவர் இதழுக்கு "எனக்குப் பிடித்த பாடம்" என்ற தலைப்பில் எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. எல்லாரும் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பெயர் கொடுத்தார்கள். நான் மட்டும் "ஒரு வினைச்சொல்" என்று கொடுத்தேன். வகுப்பே சிரித்தது.

"எந்த வினைச்சொல்?" என்று ஐயா கேட்டார்.

"இர்" என்றேன்.

"இரு-வா?"

"இல்லங்கய்யா. இர். ஸ்பானிஷ்ல 'போ'ன்னு அர்த்தம்."

மறுபடியும் சிரிப்பு. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம ஊர்ல 'இரு'ன்னா அவங்க ஊர்ல 'போ'வா? நல்லா இருக்கே. எழுது. ஒரு சார்ட் போதலைன்னா ரெண்டா ஒட்டிக்கோ" என்றார். அதனால்தான் என் பக்கம் மட்டும் இவ்வளவு நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய மொழிச் சொற்களைப் பச்சை மையில் எழுதியிருக்கிறேன்.

புத்தகம் வந்த கதை

என் அப்பா சரக்குக் கப்பலில் 'ஏபி'யாக வேலை பார்க்கிறார். கப்பலைத் துறைமுகத்தில் கட்டும்போது கயிறு போடுவது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, ராத்திரி இருட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு காவல் நிற்பது, இதெல்லாம் அப்பா வேலை. ஒன்பது மாதம் கப்பலில் இருப்பார். மூணு, நாலு மாதம் வீட்டில் இருப்பார். பிறகு மறுபடியும் கப்பல். நான் பிறந்ததில் இருந்து எங்கள் வீட்டுக் காலண்டர் இப்படித்தான் ஓடுகிறது.

அப்பாவின் கப்பல் தென் அமெரிக்காப் பக்கம் அடிக்கடி போகும். சிலி நாட்டில் வால்பரைசோ, பெரு நாட்டில் கயாவோ, நடுவில் பனாமா கால்வாய். அங்கெல்லாம் கரையில் நின்று கயிறு வாங்குகிற ஆள்கூட ஸ்பானிஷ்தான் பேசுவார். உலகத்தில் கிட்டத்தட்ட 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. ஸ்பெயின், ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினி, அமெரிக்கக் கண்டத்தில் 18 நாடுகள் என்று 20 நாடுகளில் அது ஆட்சி மொழி.

கயாவோவில் ஒரு நடைபாதைக் கடையில் அப்பா பழைய புத்தகம் ஒன்று வாங்கினார். இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் படிக்கிற புத்தகம். அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கமும் இல்லை. கடைசியில் முப்பது பக்கத்துக்குக் கட்டம் கட்டமாக வினைச்சொல் அட்டவணை மட்டும் சுத்தமாக இருந்தது. போன லீவுக்கு வந்தபோது அதை என்னிடம் கொடுத்தார்.

"நான் பத்தாவதுதான் படிச்சேன். இந்தக் கட்டத்தப் பாத்தாலே எனக்குத் தல சுத்துது. நீதான் இலக்கணம் படிக்கியே, நீ படிச்சி எனக்குச் சொல்லிக் குடு" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு நான் டீச்சர்! புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளை எங்கள் இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு திண்ணையில் பாடம் நடக்கும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி விழுவான்.

முதல் கட்டம்: போய்!

ஸ்பானிய வினைச்சொற்கள் எல்லாம் 'ஆர்', 'ஏர்', 'இர்' என்ற மூன்று விகுதிகளில் ஒன்றில் முடியும். விகுதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பகுதி. அந்தப் பகுதியோடு நான், நீ, அவன் என்பதற்கான விகுதிகளைச் சேர்க்க வேண்டும். 'ஆப்லார்' என்றால் பேசு. ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லா (பேசுகிறான், பேசுகிறாள்). நம்மைப் போலவே வினையின் வாலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் அவர்களும் நம்மைப் போலவே "நான்" என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

ஆனால் 'இர்' என்ற சொல்லில் 'இர்' விகுதியை எடுத்தால் மிச்சம் என்ன? ஒன்றுமே இல்லை! பகுதியே இல்லாத வினை. வேரில்லாத செடி மாதிரி. அதனால் அது ஊரெல்லாம் கடன் வாங்கியிருக்கிறது. நிகழ்காலத்தைப் பாருங்கள்:

நான் போகிறேன் – போய்
நீ போகிறாய் – பாஸ்
அவன், அவள் போகிறார், தாங்கள் போகிறீர்கள் – பா
நாம் போகிறோம் – பாமோஸ்
நீங்கள் (பலர்) போகிறீர்கள் – பாயிஸ்
அவர்கள் போகிறார்கள் – பான்

இதில் 'இர்' எங்கே இருக்கிறது? தேடினாலும் கிடைக்காது.

முதல் சொல்லைக் கவனித்தீர்களா? போய்! அவர்கள் எழுதும்போது 'வ' எழுத்து போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் வாயில் வ-வுக்கும் ப-வுக்கும் வித்தியாசம் இல்லை. 'கம்பு' என்று சொல்லும்போது வருகிற மெத்தென்ற ப ஒலிதான் இரண்டுக்கும். "நான் போகிறேன்" என்பதற்கு அவர்கள் "போய்" என்கிறார்கள் என்று அப்பா சொன்னதும், நான் நம்ம ஊர்க்காரர் யாரோ அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இது தற்செயலான ஒற்றுமைதான். இரண்டு மொழிக்கும் சொந்தம் கிடையாது என்று தமிழ் ஐயாவும் சொல்லிவிட்டார்.

ஆனால் இன்னொரு ஒற்றுமை நிஜமாகவே அர்த்தத்தில் ஒத்துப் போகிறது. "சாப்பிடப் போறேன்" என்று நாம் சொல்கிறோம். எங்கேயும் நடந்து போகவில்லை. இனிமேல் செய்யப்போகிற வேலைக்கு 'போ'வைச் சேர்க்கிறோம். அவர்களும் "போய் அ கொமேர்" என்கிறார்கள். கொமேர் என்றால் சாப்பிடு. சொல்லுக்குச் சொல் "சாப்பிடப் போறேன்"! எத்தனை கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கும் நமக்கும் ஒரே யோசனை எப்படி வந்தது?

ஒத்துப் போகாத இடமும் உண்டு. அம்மா அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் நாம் "இதோ வாரேன்" என்போம். அங்கே "யா போய்" என்பார்களாம். அதாவது "இப்ப போறேன்". கூப்பிட்ட அம்மாவிடம் "போறேன்" என்று சொன்னால் எங்கள் வீட்டில் கரண்டி பறக்கும்.

இரண்டாம் கட்டம்: ஆச்சி சந்தைக்குப் போவாள்

இறந்தகாலம் அவர்களுக்கு ஒன்று இல்லை, பல உண்டு. அதில் ஒன்று, முன்பு வழக்கமாக நடந்ததைச் சொல்வது. இபா, இபாஸ், இபா, ஈபாமோஸ், இபாயிஸ், இபான். ஸ்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான வினைச்சொற்கள் இருந்தாலும், இந்தக் காலத்தில் ஒழுங்கு மாறி வருபவை மூன்றே மூன்றுதான். 'இர்' (போ), 'சேர்' (இரு அல்லது ஆகு), 'பேர்' (பார்). பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய மிகவும் வசதி.

இந்த அர்த்தத்துக்கு நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்தேன். "அந்தக் காலத்துல ஆச்சி சனிக்கிழமை சனிக்கிழமை சந்தைக்குப் போவா." போவா! எதிர்கால வினை! முடிந்துபோன பழைய கதையை எதிர்காலத்தில் சொல்கிறோம். இத்தனை வருஷம் பேசியும் இதை நான் கவனித்ததே இல்லை. வேறு மொழி படித்த பிறகுதான் என் மொழி எனக்குக் கண்ணில் பட்டது.

என் ஆச்சி, அதாவது அப்பாவைப் பெற்ற ஆச்சி, நிஜமாகவே அப்படித்தான் போவாள். ஓலைக் கடகப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். வரும்போது எனக்கு ஒரு வட்டு கருப்பட்டி வாங்கி வருவாள். யாராவது வீட்டில் இருந்து கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் திட்டுவாள். "போறேன்னு சொல்லப்படாது. போயிட்டு வாரேன்னு சொல்லு" என்பாள். அப்பா ஒவ்வொரு தடவை கப்பலுக்குக் கிளம்பும்போதும் வாசலில் நின்று இதைச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள்.

"மி அபுவேலா இபா அல் மெர்காடோ." என் ஆச்சி சந்தைக்குப் போவாள். இந்த வாக்கியத்தை நானே சொந்தமாக எழுதினேன். அப்பா படித்துவிட்டு "சரியா இருக்கு" என்றார். இன்னொரு தடவையும் படித்தார்.

மூன்றாம் கட்டம்: இருந்தாளா, போனாளா?

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு தடவை நடந்து முடிந்துவிட்டதைச் சொல்ல வேறு இறந்தகாலம். ஃபுய் (போனேன்), ஃபுயிஸ்தே (போனாய்), ஃபுவே (போனார்), ஃபுயிமோஸ் (போனோம்), ஃபுயிஸ்தெய்ஸ் (போனீர்கள்), ஃபுவேரோன் (போனார்கள்). இதை எழுதி முடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் 'சேர்' என்ற வினைக்குப் போனேன். 'சேர்' என்றால் இரு, ஆகு. அதன் இறந்தகாலத்தைப் பார்த்தால் ஃபுய், ஃபுயிஸ்தே, ஃபுவே... அச்சு அசலாக அதே ஆறு சொற்கள்! ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அச்சுப்பிழை என்று நினைத்து மறுநாள் இங்கிலீஷ் டீச்சரிடம் ஓடினேன்.

டீச்சர் செல்போனில் தேடிப் பார்த்து விளக்கினார். ஸ்பானிய மொழியின் தாய் லத்தீன். 'இர்' என்பது மூன்று லத்தீன் வினைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை. 'ஈரே' என்ற வினையில் இருந்து இபா வந்தது. 'வாதெரே' என்ற வினையில் இருந்து போய், பாஸ், பா எல்லாம் வந்தன. 'ஃபுய்' என்பது லத்தீனில் "இருந்தேன்". ஒரு ஊரில் நான் இருந்தேன் என்றால் அந்த ஊருக்குப் போனேன் என்றுதானே அர்த்தம்? அப்படியே அந்தச் சொல் "போனேன்" என்பதற்கும் வந்துவிட்டது. "இங்கிலீஷ்ல மட்டும் என்ன, 'கோ'வுக்கு 'வென்ட்'னு வேற சொல்லுல இருந்துதான் வந்துச்சு. அதைக் கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணினீங்கல்ல?" என்றார். வகுப்பில் யாருக்கும் பதில் இல்லை.

வாக்கியத்தில் வந்தால் குழப்பம் இல்லை. "ஃபுவே அல் மெர்காடோ" என்றால் சந்தைக்குப் போனார். "ஃபுவே மரினேரோ" என்றால் கப்பல்காரராக இருந்தார். நம் 'கு' உருபு மாதிரி அவர்களுக்கு 'அ' இருக்கிறது. அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் "ஃபுவே" என்று தனியாக எழுதினால் இருந்தார் என்றும் படிக்கலாம், போனார் என்றும் படிக்கலாம்.

அன்று ராத்திரி திண்ணையில் இதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெருமையாக ஒரு எடுத்துக்காட்டும் சொன்னேன். "அபுவேலா ஃபுவே. ஆச்சி இருந்தா. ஆச்சி போனா. ரெண்டும் ஒண்ணுதான்ப்பா!"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசல் பக்கம் எழுந்து போய்விட்டார்.

உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். 2020-ஆம் வருஷம் நான் நாலாம் வகுப்பு. கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. அப்பாவுக்கு மே மாதமே கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஆனால் மார்ச் மாதத்தில் இருந்தே விமானங்கள் இல்லை. துறைமுகத்தில் இறங்க விடவில்லை. அப்பாவுக்குப் பதில் ஏற வேண்டிய ஆளும் வர முடியவில்லை. ஒன்பது மாதம் பதினாலு மாதம் ஆனது. அப்பா மட்டும் இல்லை. 2020 முடியும்போது உலகம் முழுக்க சுமார் 4 லட்சம் கப்பல் ஊழியர்கள் இப்படி மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று ஐக்கிய நாடுகளின் கடல்சார் அமைப்பு சொன்னது.

அந்த ஆகஸ்ட் மாதம் ஆச்சி போய்விட்டாள். அப்பாவின் கப்பல் நடுக்கடலில் இருந்தது. சேதி போய்ச் சேர்ந்ததே மூணாம் நாள்தான். சித்தப்பா கொள்ளி வைத்தார். எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து அப்பா வந்தபோது, திண்ணையில் ஆச்சியின் கடகப்பெட்டி மட்டும் இருந்தது. அதைப் பற்றி அப்பா இதுவரை எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசியது இல்லை. நாங்களும் கேட்டது இல்லை.

நான் அன்று ராத்திரி அழுதேன். இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அப்பாவை நோகடித்துவிட்டேனே என்று நினைத்தேன்.

நான்காம் கட்டம்: போயிருந்தால்...

இரண்டு நாள் பாடம் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாவே நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தார். "அடுத்த கட்டம் என்ன?" என்று கேட்டார்.

அடுத்தது, நடக்காததைப் பற்றிச் சொல்கிற கட்டம். நாம் "போவேன், ஆனால்..." என்று இழுப்போமே, அதற்கு ஈரீயா. "போனால்", "போயிருந்தால்" என்று கற்பனை செய்வதற்கு ஃபுவேரா. இதற்கு ஃபுவேசே என்று இன்னொரு வடிவமும் உண்டு, எதையும் எழுதலாம். இந்த ஃபுவேராவும் 'இரு'வுக்கும் 'போ'வுக்கும் பொதுதான். "இருந்தால்" என்றும் வரும், "போனால்" என்றும் வரும்.

பிறகு எச்சம். நம் "போன", "போய்" மாதிரி. யெந்தோ என்றால் போய்க்கொண்டு. இதோ என்றால் போன, போய்விட்ட. ஆமாம், இதோ! நாம் கண் முன்னால் இருப்பதைக் காட்டிச் சொல்கிற அதே ஒலி. அங்கே அதன் அர்த்தம் போயாச்சு.

இந்த 'இதோ'வோடு துணைவினை சேர்த்தால் இன்னும் பல காலங்கள் கிடைக்கும். எ இதோ (போயிருக்கிறேன்), அபீயா இதோ (முன்பே போயிருந்தேன்), அப்ரீயா இதோ (போயிருப்பேன்). கடைசியில் இருப்பது, நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனதற்கு.

"இதுக்கு ஒரு வாக்கியம் நீங்களே எழுதுங்கப்பா" என்றேன். அப்பா ரொம்ப நேரம் அட்டவணையைப் புரட்டினார். பிறகு எழுதினார்.

"சி உபியேரா பொதீதோ, அப்ரீயா இதோ."

முடிந்திருந்தால், போயிருப்பேன்.

எங்கே என்று அப்பா எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. உள்ளே இருந்து வந்த அம்மா "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அர்த்தத்தைச் சொன்னேன். அம்மா அப்படியே அப்பா பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அப்பா ஆச்சியைப் பற்றிப் பேசினார். சேதி வந்த ராத்திரியும் காவலுக்கு நின்றதையும், விடியும் வரை கடலையே பார்த்ததையும் சொன்னார். ஐந்து வருஷமாகத் தமிழில் சொல்ல முடியாததை வேறு மொழியில் அஞ்சு சொல்லாக எழுதிய பிறகு சொல்ல முடிந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் கட்டம்: பாயா

நம் தமிழில் ஏவல் வினை இருக்கிறது (போ), வியங்கோள் வினை இருக்கிறது (செல்க, வாழ்க). போன பருவத்தில் படித்தோம். ஸ்பானிய மொழியில் கட்டளை இப்படி: நீ போ – பே. பலரிடம் போங்கள் – ஸ்பெயினில் ஈத், மற்ற நாடுகளில் பாயான். மரியாதையாக ஒருவரிடம் போங்க – பாயா.

"பாயா" என்றதும் தூங்கிக்கொண்டிருந்த தம்பி எழுந்து "ஆட்டுக்கால் பாயாவா?" என்று கேட்டான். அன்று எல்லாரும் சிரித்தோம்.

'பே' என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'பார்' என்று கட்டளை இடவும் அதே 'பே'தான்! போ என்றாலும் பார் என்றாலும் ஒரே சொல்.

இந்தப் 'பாயா' வெறும் கட்டளை மட்டும் இல்லை. ஆசை, வேண்டுதல், சந்தேகம், பயம் எல்லாவற்றுக்கும் இந்த வடிவம்தான். நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத எல்லாம் இதில் அடங்கும். பாயா, பாயாஸ், பாயா, பாயாமோஸ், பாயாயிஸ், பாயான். இதற்கு முன்னால் 'ஓஹலா' என்று சேர்த்தால் "அப்படி நடக்கட்டுமே" என்று அர்த்தம். 'ஓஹலா' அரபு மொழியில் இருந்து வந்த சொல். இறைவன் நாடினால் என்பது அதன் மூலம். ஸ்பெயினில் 711 முதல் 1492 வரை அரபு பேசிய முஸ்லிம்களின் ஆட்சி இருந்ததால் இப்படி நிறையச் சொற்கள் தங்கிவிட்டன. என் பெஞ்சுத் தோழி வீட்டில் "இன்ஷா அல்லா" என்று சொல்வதற்கு இது தூரத்துச் சொந்தம். அவளிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே சந்தோஷம்.

உங்களுக்குத் தெரியுமா?

1. ஸ்பானிய மொழிக்கு முதல் அச்சு இலக்கண நூலை அந்தோனியோ தெ நெப்ரிஹா என்பவர் 1492-இல் வெளியிட்டார். கொலம்பஸ் கப்பல் ஏறியதும் அதே வருஷம்தான்.
2. 'ஈதோஸ்' என்பதற்குப் பதில் மக்கள் 'ஈரோஸ்' என்று தப்பாகப் பேசுகிறார்கள் என்று நீண்ட காலம் சண்டை நடந்தது. ஸ்பானிய மொழிக் கழகம் 2017-இல் "போய்விடுங்கள்" என்ற பொருளில் 'ஈரோஸ்' என்பதையும் ஏற்றுக்கொண்டது. நாம் பேசுவதும் ஒருநாள் பாஸ் ஆகலாம்!
3. 'ஃபுவேரே' என்ற ஒரு வடிவம் இப்போது பேச்சில் இல்லை. சட்டப் புத்தகங்களிலும் ஒரு பழமொழியிலும் ஒளிந்திருக்கிறது. "எங்கே போனாலும் அங்கே காண்பதைச் செய்." நாம் "ஊரோடு ஒத்து வாழ்" என்கிறோம்.

"போகாதே" என்று சொல்லும்போது 'பே' வராது. வேண்டாம் என்று தடுக்க 'பாயா' வடிவம்தான் வர வேண்டும். நீ போகாதே – நோ பாயாஸ். மரியாதையாக, போகாதீங்க – நோ பாயா. போய்விடாதீங்க என்று கொஞ்சம் அழுத்தினால் – நோ சே பாயா. ஆணையை மறுத்தால் அது வேண்டுதல் ஆகிவிடுகிறது போலும்!

இந்தக் கட்டத்துக்கு வந்தபோது அப்பாவின் லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. கம்பெனியில் இருந்து டிக்கெட் வந்துவிட்டது. நான் பயிற்சி மாதிரி நோட்டில் எழுதி அப்பாவிடம் நீட்டினேன்.

"பப்பா, நோ சே பாயா."

அங்கே பல பிள்ளைகள் அப்பாவை 'நீ' என்றுதான் சொல்லுமாம். எனக்கு வாய் வரவில்லை. 'நீங்க' வடிவத்தில்தான் எழுதினேன். அப்பா சிவப்புப் பேனா வாங்கி, ஆசிரியர் மாதிரியே பெரிய சரி போட்டார். அதற்குக் கீழே எழுதினார். "தெங்கோ கே இர்." நான் போகணும்.

எனக்குக் கோபம் வந்தது. சரி என்று மார்க் போட்டுவிட்டு, போகணும் என்றும் எழுதினால் என்ன அர்த்தம்? தங்கச்சி படிப்பு, என் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தாலும் கோபம் வரத்தான் செய்தது. அதன் பிறகு நோட்டைத் தொடவில்லை.

கிளம்பிய நாள்

விடியற்காலை முதல் பஸ். வாசலில் ஆச்சி நிற்கிற இடத்தில் அம்மா நின்றாள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு "போயிட்டு வாரேன்" என்றார். யாரும் சொல்ல வைக்கவில்லை. அவராகவே சொன்னார்.

பஸ் ஸ்டாப்பு வரை நான் பேசவே இல்லை. பஸ் வந்து, அப்பா ஒரு காலைப் படியில் வைத்தபோது, "நோ சே பாயா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேறு ஒன்று வந்தது.

"கே லே பாயா பியென்."

அங்கே ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை. உங்களுக்கு எல்லாம் நல்லபடியாகப் போகட்டும் என்று அர்த்தம். இதிலும் அதே பாயாதான். போங்க என்றாலும் பாயா, போயிடாதீங்க என்றாலும் பாயா, நல்லபடியாப் போகட்டும் என்றாலும் பாயா. நான் நினைத்ததும் சொன்னதும் ஒரே சொல்லாக இருந்ததால் எனக்குப் பொய் சொன்ன மாதிரித் தோன்றவில்லை. அப்பாவுக்கும் புரிந்தது. பஸ் திரும்பும் வரை ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் கயாவோவில் இருந்து போன் பேசினார். கரையில் ஒருவர் "நேற்று எங்கே போனீர்கள்?" என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "ஃபுய்" என்று சரியாகச் சொன்னாராம். "என் மகதான் டீச்சர்னு சொன்னேன்" என்றார். பிறகு, "இர் முடிச்சாச்சு. அடுத்த அட்டவணை என்ன தெரியுமா? பெனீர்" என்றார்.

பெனீர் என்றால் வா. எடுத்துப் பார்த்தேன். அதுவும் ஒழுங்கற்ற வினைதான். பெங்கோ, பியேனெஸ், பியேனே என்று இஷ்டத்துக்கு மாறுகிறது. எதிர்காலம் மட்டும் எனக்கு முதல் நாளிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. பென்ட்ரே. வருவேன்.

நண்பர்களே! இலக்கணம் என்றால் பரீட்சையில் ஐந்து மார்க் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காலம் காட்டும் இடைநிலை எது என்று ஐயா கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது குனிவதில்லை. போனேன், போவேன், போயிருப்பேன், போகாதீங்க, போயிட்டு வாங்க... இதில் எதைச் சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான் இலக்கணம். இன்று வீட்டுக்குப் போகும்போது யாரிடமும் "போறேன்" என்று சொல்லாதீர்கள். ஆச்சி திட்டுவாள்.

போயிட்டு வாரேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி